முன்தண்டில் என் இடம்

தர்மராஜுக்கு வயசாகிவிட்டது என்று கோயில் மணியக்காரரிடம் போய்ச் சொன்னது நான்தான். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? முப்பத்திரண்டு வருஷமாகப் பெருமாள் பல்லக்கின் முன்பக்கம் இடது தண்டு எனக்கு, வலது தண்டு அவருக்கு. இருவரும் ஒரே உயரம் என்றுதான் சேர்த்து நிறுத்தினார்கள். ஒரு வருஷமாக அவர் தண்டுக்கு அடியில் போனாலே கூனிக்கொள்கிறார், முழங்காலை மடக்கிக்கொண்டு நடக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் பங்குப் பாரமும் என் தோளில்தானே இறங்குகிறது!

"இன்னா அண்ணாத்த, கெழவன் மாதிரி குனிஞ்சிகினே வர்றே? நிமிந்து நட" என்று தெருவில் நாலு பேர் பார்க்கக் கத்தியிருக்கிறேன்.

"சரி ராஜாராமு, நட" என்பார். 

அவருக்கு அறுபத்து மூன்று. எனக்கு அறுபதுதான். தலைக்குச் சாயம் பூசினால் ஐம்பதுகூட மதிக்க மாட்டார்கள். என் மனைவி தெய்வநாயகிதான் குறுக்கே பேசுவாள். "அந்தாள இன்னாத்துக்குக் கொற சொல்லிகினு கீறே? நீ மட்டும் இன்னா கொமரனா?" தண்டு பிடிக்காதவளுக்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

மாசி மகத்துக்குப் பெருமாள் மாமல்லபுரம் கடலுக்குத் தீர்த்தவாரி போக வேண்டும். முந்தின நாள் காலையில் மணியக்காரர் லக்ஷ்மிநாராயணனைப் பார்த்தேன்.

"தர்மராஜ் மனசு கஷ்டப்படுமேப்பா" என்றார்.

"மணல்ல பெருமாள் சாஞ்சா யார் சார் பதில் சொல்றது?"

அவர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வாகன மண்டபத்துச் சுவரில் எங்கள் தோள் உயரத்துக்குப் பெயின்ட்டில் ஒரு கோடு உண்டு. நாங்கள் சேர்ந்த நாளில் போட்டது. மாற்று ஆளாக வரும் பார்த்திபனை அதில் நிறுத்திப் பார்த்தோம். முப்பத்தைந்து வயசு, கோட்டுக்குச் சரியாக இருந்தான். வலது தண்டு அவனுக்கு என்று முடிவானது. தர்மராஜுக்குப் பெருமாள் குடை பிடிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் தெருவில் போகும்போதே என் தோள் கனத்தது. பையன் தண்டுக்குப் புதுசு, பழகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மணல் சரிவில் கால் வைத்தோம். பெருமாள் மாலை என் பக்கமாக வழுக்கி வந்தது.

"பார்த்திபா, நேரா புடிடா!"

"நேராத்தாண்ணே கீறேன்!"

"இடது பக்கம் தூக்குங்கோ! இடது பக்கம்!" என்று பட்டர் அலறினார்.

இடது பக்கம் நான். ஐயோ, தூக்குகிறேன், தூக்குகிறேன், தண்டு எழவில்லை. முழங்கால் வெடவெடவென்று ஆடியது. கோவிந்தா போட்டுக்கொண்டிருந்த ஜனங்கள் பதறிப்போய் விலகினார்கள். போச்சு, இன்றைக்குப் பெருமாளை மண்ணில் போடப்போகிறேன் என்றே நினைத்தேன்.

குடையை யார் கையிலோ திணித்துவிட்டு தர்மராஜ் ஓடிவந்தார். பார்த்திபனை விலக்கித் தோளைக் கொடுத்தார். குனிந்தார், முழங்காலை மடக்கினார். பல்லக்கு நேரானது.

அவர் கால்களை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். துளி நடுக்கம் இல்லை. தொடை இறுகி, என் தோள் எவ்வளவு இறங்கியதோ அவ்வளவுக்குத் தன்னை இறக்கிப் பிடித்திருந்தார். கிழவனால் முடிகிற காரியமா அது? அந்தப் பெயின்ட் கோட்டில் என்னை யாரும் நிறுத்திப் பார்க்கவில்லை.

"எத்தினி நாளா அண்ணாத்த?"

"போன மாசி மகத்துலருந்து. நடடா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா தண்ட உட்டுடுவியா நீ?"

கரையில் பல்லக்கை இறக்கினோம். மணியக்காரர் நேராகப் பார்த்திபன் மீது பாய்ந்தார். "இப்படியா புடிப்பே? இனிமே தண்டுப் பக்கமே வராதே." அவன் முகம் செத்துப்போனது. தர்மராஜ் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். அவர் சொல்ல மாட்டார். நானும் வாயை மூடிக்கொண்டால் அடுத்த வருஷமும் இடது தண்டு எனக்குத்தான். மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன். பெருமாள் மன்னிக்கட்டும், நன்றாகவே யோசித்தேன்.

"சார், அவன் நேராத்தான் நின்னான். நான்தான் எறங்கிட்டேன்."

"என்ன சொல்றே?"

"எனக்கு வயசாயிடுச்சு சார்."

தீர்த்தவாரி முடிந்து கிளம்பும்போது இடது தண்டில் தர்மராஜைப் போகச் சொன்னேன். வலது பக்கம் பார்த்திபன். என் தோளில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்திவிட்டு தர்மராஜ் போனார். பல்லக்கு எழுந்தது. இரண்டு பேரும் நிமிர்ந்து நடந்தார்கள். பெருமாள் கொஞ்சம்கூடச் சாயவில்லை. நான் ஜனங்களோடு ஜனமாக நின்று வாய்விட்டு அழுதேன்.