ஆட்டுக்குட்டி ஊருக்குப் போனதா?

அப்பாவுக்கு மாற்றல் வந்து, குடும்பம் திருச்சியிலிருந்து கல்கத்தாவுக்கு மூட்டை கட்டியபோது, சுபிக்ஷா தன் தோள்பையில் ஒரே ஒரு விசிடியைப் பத்திரப்படுத்திக்கொண்டாள். அங்கே டாக்குரியா பகுதியில் பிடித்த வீட்டில் எல்லாப் பெட்டிகளையும் பிரித்து அடுக்கியாயிற்று. அந்தச் சிடியை மட்டும் அவள் அலமாரியில் வைக்கவில்லை. பார்ப்பாள், திரும்பவும் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவாள். என்றைக்கு ஊருக்குத் திரும்பினாலும் கையோடு கிளம்ப வேண்டுமல்லவா? வந்த இடத்தில் பிடிப்பில்லாத பத்து வயதுக்காரி அவள். கீழே விளையாடும் பிள்ளைகளின் வங்காளி, வாயில் அவலை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல் கேட்டது.

சிடியின் பெயர் ‘மணிக்குட்டியின் பண்டிகை’. எங்கோ வெளிநாட்டில் எடுத்த கிறிஸ்துமஸ் பொம்மைப்படம். தமிழ் பேச வைத்திருந்தார்கள். அட்டையில் ஒரு சிங்கம் கம்பீரமாக நிற்கும், படத்தில் சிங்கமே கிடையாது. வழி தவறிச் சரக்கு ரயிலில் ஏறிவிட்ட ஆட்டுக்குட்டி ஒன்று பனி ஊருக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே ஒரு கரடி அதைத் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறது, பண்டிகை கொண்டாடுகிறார்கள். கடைசியில் குட்டி ரயிலேறி ஊருக்குப் போய்விடுகிறது. நாதஸ்வரம் முழங்க, சுபம். அந்தக் கடைசிக் காட்சிக்காகத்தான் சுபிக்ஷா படத்தையே பார்ப்பாள். குட்டி போனால் தானும் போகலாம் என்று அவளாக ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

மாடி வீட்டு விவேக் டாக்குரியாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். 2001 டிசம்பர் விடுமுறையில் ஒரு நாள் சிடியின் அட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“இது எங்க வீட்லயும் இருக்கு. பெங்காலில.”

உடனே இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும் என்றாகிவிட்டது. விவேக்கின் அம்மா ஷியாமளா ஒரு கிண்ணம் பொரியைக் கொடுத்து இருவரையும் டிவி முன்னால் உட்கார வைத்தாள். படம் ஒன்றுதான், ஆனால் எத்தனை கூத்து! தமிழ்க் கரடி “வாங்க தம்பி, சாப்டீங்களா?” என்று ஆட்டுக்குட்டிக்கே மரியாதை கொடுத்தது. வங்காளிக் கரடி எடுத்த எடுப்பிலேயே பாட ஆரம்பித்தது. விருந்துக் காட்சியில் தமிழில் “ஆகா, பால் பாயசம்” என்றார்கள். வங்காளியில், விவேக் விளக்கியபடி, வெல்லம் போட்ட சந்தேஷ் மிட்டாய் என்றார்கள். திரையில் இருந்ததோ செர்ரிப் பழம் வைத்த கேக். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விருந்து முடிந்து எல்லாரும் தூங்க, வங்காளிப் படம் நின்றது.

“அவ்ளோதான். முடிஞ்சிருச்சு” என்றான் விவேக்.

“எப்படி முடியும்? குட்டி ஊருக்குப் போகணுமே?”

“தூர்!” என்று வங்காளிப் பிள்ளைகளைப்போல் சலித்துக்கொண்டான். “அது எதுக்குப் போகணும்? இங்கயே இருந்துடும். அதான் எல்லாம் இருக்கே இங்க.”

சுபிக்ஷாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “போகும். என் சிடில போச்சு, இப்பதானே பாத்தே?”

“உன் சிடில சிங்கமும்தான் இருக்கு, அட்டையில. அதை யாரு நம்புவா?”

சண்டை முற்றிப் பந்தயத்தில் போய் நின்றது. தோற்றவர் கிறிஸ்துமஸ் கேக்கில் தன் பங்கை ஜெயித்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். கேக்கைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை. குட்டி போகாமல் போய்விடுமோ என்றுதான் பயம்.

கிறிஸ்துமஸ் அன்று அலிப்பூரிலிருந்து விவேக்கின் மாமா குடும்பம் வந்திறங்கியது. அங்குள்ள மிருகக்காட்சிசாலைக்கு ஊரே திரண்டு வரும் நாளில் அந்தப் பக்கம் குடியிருப்பவர்கள் வீட்டைவிட்டு ஓடுவதுதான் புத்திசாலித்தனம். மாமா மகள் சாதனா விஷயத்தைக் கேட்டதும் கண்ணை அகல விரித்தாள்.

“எங்க வீட்லயும் அந்தப் படம் இருக்கு. ஆரம்பமே ஆடு அழுதுகிட்டு இருக்கும். ஏன் அழுவுதுன்னு எனக்கு இன்னிவரைக்கும் புரியல.”

அடுக்களையில் கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது. ஷியாமளா தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“ஐயோ, அது ரெண்டு சிடிடா! துர்கா பூஜா சமயத்துல கரியாஹாட் கடைத்தெருவுல நானும் உங்க மாமியும் சேர்ந்து வாங்கினோம். ஆளுக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போய், பாத்துட்டு மாத்திக்கலாம்னு சொன்னோம். அடுத்த பூஜாவும் போயிடுச்சு, எங்க மாத்தினோம்?”

பாதிப் படத்தைப் பார்த்தே இரண்டு பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். மாமா முனகிக்கொண்டே ஆட்டோ பிடித்துப் போய், கூட்டத்தில் நசுங்கி, மிச்சப் பாதியைக் கொண்டுவந்து சேர்த்தார்.

இரண்டாவது சிடியில் குட்டி அழுதது, அம்மாவைக் கேட்டது. கரடி அதை ரயிலடிக்குக் கூட்டிப் போனது. குட்டி ஏறியது. ரயில் நகர்ந்தது.

“பாத்தியா! போயிடுச்சு! கேக்கை எடு!” சுபிக்ஷா துள்ளி எழுந்தாள்.

விவேக் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுடைய சிடியில் இந்த இடத்தில் நாதஸ்வரம் வந்துவிடும். இதிலோ ரயில் போன பிறகும் கரடி அங்கேயே நின்றது. பனி கொட்டியது. அது தனியாக வீட்டுக்கு நடந்து, இரண்டு தட்டு எடுத்து வைத்து, ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்தது. குட்டி போகட்டும் போகட்டும் என்று அத்தனை தரம் வேண்டியவள், கரடியை ஒரு தரமாவது நினைத்திருப்பாளா?

“அப்போ கரடி?” என்றான் விவேக். கண் கலங்கியிருந்தது. “நீயும் போயிடுவியா?”

ஜெயித்தால் சந்தோஷமாக அல்லவா இருக்க வேண்டும்?

“ஏய், உக்காருங்க ரெண்டு பேரும். படம் இன்னும் இருக்கு” என்றாள் சாதனா.

இருந்தது. அடுத்த பண்டிகைக்கு அதே ரயில் வந்து நின்றது. குட்டி இறங்கியது, கொஞ்சம் வளர்ந்து, கொம்பு முளைத்து. கரடி பாட்டை ஆரம்பித்தது. ஒரே சிடிக்குள் அடக்க, தமிழில் இதை வெட்டி எறிந்திருக்கிறார்கள்!

“மே லீவுக்குத் திருச்சி போவேன்” என்றாள் சுபிக்ஷா. “ஜூன்ல வந்துடுவேன்.”

“சத்தியமா?”

“வராம எங்க போறது? ஸ்கூல் திறந்துடுமே.”

யாருக்குக் கேக் என்று முடிவு செய்யத் திரும்பினால் தட்டு காலியாக இருந்தது. சாதனா வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சுபிக்ஷா கீழே வீட்டுக்கு ஓடினாள். தோள்பையின் ஜிப்பைத் திறந்து சிங்கம் போட்ட சிடியை எடுத்துக்கொண்டு, மூச்சிரைக்க மறுபடி மாடியேறினாள்.

“ஆன்ட்டி, இதையும் உங்க அலமாரியில அந்த ரெண்டு சிடியோட வெச்சிருங்க.”