கொக்கிப்புழுக் கமிட்டி

டாக்டர் கணபதியப்பன் தோவாளைப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகத் தகர டப்பா கொடுத்துவிட்டுப் போவார். மறுநாள் காலையில் டப்பா திரும்பி வரும்போது அதற்குள் மலம் இருக்க வேண்டும். சீமைக்குப் போய் மூன்று வருஷம் படித்த மனுஷன் இதற்காகவா அலைகிறார் என்று ஊரே அவருக்காக வருத்தப்பட்டது. களிமண்ணை உருட்டிப் போட்டுக் கொடுத்தவர்கள் உண்டு. டப்பாவைத் திருப்பிக் கொடுக்காமல் உப்புப் போட்டு வைத்துக்கொண்ட புத்திசாலிகளும் உண்டு.

அவருக்குத் திருவனந்தபுரத்தில் சர்க்கார் ஆராய்ச்சிசாலையில் உத்தியோகம். பதினொரு வருஷம் மைக்ராஸ்கோப்பில் குனிந்து புழு முட்டைகளை எண்ணி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழில் ஒரு முடிவுக்கு வந்தார். வெறுங்காலோடு வயலில் இறங்குகிற பத்துப் பேரில் ஏழு பேர் வயிற்றில் கொக்கிப்புழு இருக்கிறது. அது சேற்றிலிருந்து பாதம் வழியாக ஏறி, குடலில் கடித்துத் தொங்கி, ரத்தம் குடிக்கிறது. நடவுப் பெண்கள் வெளிறிப்போய் மூச்சு வாங்குவது சோம்பேறித்தனத்தால் அல்ல. வேண்டியவை மருந்தும் கக்கூஸும்தான். இதை எண்பது பக்கத்தில் எழுதி அனுப்பினார்.

“தங்கள் அறிக்கை கவனத்தில் கொள்ளப்பட்டது” என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். “ஏற்கெனவே கவனத்தில் கொள்ளப்பட்டது” என்றார்கள். மூன்றாவது கடிதத்துக்குப் பதிலே இல்லை. இருந்த கவனம் தீர்ந்துவிட்டது போலும்.

அப்போதுதான் மச்சினன் கோலப்பன் வந்தான். முப்பது கோட்டை நெல் விதைக்கிற நிலமும், கட்சியில் செல்வாக்கும் உள்ளவன்.

“அத்தான், காயிதம் எழுதியே கை தேஞ்சிரும். எலெக்சன் வருது. படிச்ச ஆளா ஒருத்தர் வேணும்ணு கட்சியில தேடுகா. உள்ள போய் இருந்துட்டேள்னா நீங்களே எழுதி நீங்களே கையொப்பம் போடலாம்லா?”

டாக்டரின் மனைவி அழகியநாயகியும் ஒத்து ஊதினாள். “முட்டை எண்ணுகதுக்கு ஓட்டு எண்ணினா, நாத்தமாவது இல்லாம இருக்கும்.”

டாக்டருக்கும் அது சரியென்றே பட்டது. எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதவர், இதை மட்டும் சோதிக்காமல் நம்பிவிட்டார்.

முதல் கூட்டம் பூதப்பாண்டியில். கொக்கிப்புழுவின் ஜாதகத்தை முட்டையிலிருந்து ஆரம்பித்து நாற்பது நிமிஷம் விளக்கினார். முடித்ததும் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்தாள். கோலப்பன் வயலில் நடவு நடுகிற செல்லத்தாய்.

“ஐயா, அண்ணைக்கு டப்பா தந்து கேட்டிய, குடுத்தோம். இண்ணைக்குப் பெட்டி வச்சுக் கேக்கிய. மொதல்ல குடுத்ததுக்கே இன்னும் ஒண்ணும் கிட்டல்லியே?”

கூட்டம் சிரித்து அடங்கக் கால்மணி நேரம் ஆயிற்று. காரில் ஏறியதும் கோலப்பன் சொன்னான்: “அத்தான், புழுவுக்கு ஓட்டு கிடையாது. நம்ம தமிழ்த் தாலூகா எல்லாம் மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ்நாட்டோட சேரணும்ணு பேசுங்கோ.”

தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று டாக்டரும் மனதார விரும்பியவர்தான். பேசினார். மூவாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஐம்பத்திரண்டிலும் அதையே பேசி ஜெயித்தார்.

சட்டசபையில் அவருடைய அறிக்கைக்கு விமோசனம் கிடைத்தது. டாக்டர் கணபதியப்பனின் அறிக்கையை ஆராய ஒரு கமிட்டி, தலைவர் டாக்டர் கணபதியப்பன். அறிக்கை எழுதியவரை விசாரிக்காமல் எப்படி முடிவு செய்வது என்று ஒரு வக்கீல் உறுப்பினர் சட்டம் பேசினார். டாக்டர் தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சாட்சி சொல்லிவிட்டு, மறுபடி வந்து தலைவரானார். மந்திரிசபை கவிழும்போதெல்லாம் கமிட்டியும் கவிழ்ந்தது. புது மந்திரிசபை வந்ததும் விசாரணை முதலிலிருந்து தொடங்கியது. ஆறாவது வருஷம் முடிவு வந்தது. மருந்துக்கு நிதி இல்லை, மாதிரிக்கு ஒரே ஒரு கக்கூஸ் கட்டலாம். டாக்டர் கையொப்பம் போட்டார். போடும்போது நெஞ்சில் ஏதோ குத்தியது. ஆனால் அதற்குள் அவர் உள்ளே நுழைந்தால் நாலு பேர் எழுந்து நிற்பது பழகிப்போயிருந்தது. அந்தச் சுகம் குத்தலை ஆற்றிவிட்டது.

கோலப்பனின் வயலோரம், நடவுக்காரர்கள் குடியிருப்பில், கக்கூஸ் எழும்பியது. மந்திரி வந்து நாடா வெட்டினார். மேளம் கொட்டினார்கள். எல்லாருக்கும் சுக்குக்காப்பி.

அடுத்த தேர்தலுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது டாக்டர் கோலப்பனோடு அந்தப் பக்கம் ஓட்டுக் கேட்கப் போனார். எதிரே செல்லத்தாய் நாலடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். கும்பிடப் போன கை தானாக நீண்டு அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தது. உள்ளே கழுவின அரிசி போல வெளுத்திருந்தது.

“கக்கூசுக்குப் போறதில்லையா நீ?”

“அது பூட்டியில்லா கெடக்கு. சாவி முதலாளிகிட்ட.”

டாக்டர் திரும்பிப் பார்த்தார். கோலப்பன் கொஞ்சமும் அசரவில்லை. “தொறந்து விட்டா அழுக்காக்கிப் போடுவாளுவ அத்தான். நாளைக்கு மந்திரி வந்தா எதைக் காட்ட? சும்மா கெடக்கேண்ணு வித்து நெல்லு போட்டு வச்சிருக்கேன்.”

“சாவியைக் கொடு.”

“எலெக்சன் முடியட்டும்.”

டாக்டர் வரப்பில் கிடந்த மண்வெட்டியை எடுத்து, கழுத்து மாலையோடு, பூட்டை மூன்றே அடியில் உடைத்தார். நெல் மூட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டார். வேட்டி கிழிந்தது. “இனி போ” என்றார் செல்லத்தாயிடம்.

அவள் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

“ஒரே இருட்டும் புழுக்கமுமா இருக்கு ஐயா. நாங்க பொம்பளையளு நாலு பேரு சேந்து வெளிக்குப் போவோம். அந்த நேரந்தான் எங்களுக்குன்னு ஒரு பேச்சு, ஒரு சிரிப்பு. இதுக்குள்ள ஒத்தைக்கு இருந்து என்ன செய்யதுக்கு?”

 டாக்டரின் எண்பது பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர்களிடம் மலம் கேட்டார், ஓட்டுக் கேட்டார், இதை மட்டும் கேட்கவே இல்லை.

அந்தத் தேர்தலில் கட்சி கோலப்பனை நிறுத்தியது. ‘என் அத்தான் கண்டுபிடித்த புழுவை நான் ஒழிப்பேன்’ என்று மேடை மேடையாய் முழங்கி அவன் ஜெயித்தான். டாக்டர் பழைய உத்தியோகத்தைத் தேடி ஆராய்ச்சிசாலைக்குப் போனார். சிக்கனத் தீர்மானத்தின்படி அந்தப் பதவியை எடுத்துவிட்டோம் என்றார்கள். தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் தானும் ஒருவர் என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

பிறகு அவரே மருந்து வாங்கிக்கொண்டு செல்லத்தாய் குடியிருப்புக்குப் போனார். அன்றே கொடுக்கவில்லை. மாத்திரை தின்றால் பேதிக்கும் குடிக்க வேண்டும், ஒரு நாள் வேலை கெடும். எந்த நாள் தோது என்று பெண்களையே கேட்டார். அறுப்பு முடியட்டும் என்றார்கள். காத்திருந்தார். முதலில் எட்டுப் பேர், அப்புறம் முப்பது பேர். பூட்டு உடைந்த அந்தக் கட்டடத்தின் சுவரில் ஜன்னல் வைத்து, பக்கத்திலேயே ஓலைத் தடுப்பில் இன்னும் மூன்று இடம் கட்டினார்கள். அதில் பேச்சுக் குரல் கேட்கலாயிற்று.

ஐம்பத்தாறு நவம்பரில், ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே வாரம், சட்டசபை கலைந்து மாஜி எம்.எல்.ஏ. ஆகிவிட்ட கோலப்பன் வேர்க்க விறுவிறுக்க டாக்டர் வீட்டுக்கு வந்தான். நாகர்கோவில் கொண்டாட்டத்துக்கு அழைக்கத்தான் வந்திருப்பான் என்று அழகியநாயகி நினைத்தாள்.

“அத்தான், அந்தச் செல்லத்தாய்க்கு என்ன மருந்து குடுத்தேள்?”

“ஏன், என்ன செய்யுது அவளுக்கு?”

“அவளுக்கு ஒண்ணுமில்ல. முன்னெல்லாம் ரெண்டு வார்த்தை பேசினா மூச்சு முட்டி இருந்துருவா. இப்ப முப்பது பொம்பளையளைக் கூட்டி வச்சுக்கிட்டு, கூலி கூட்டித் தரணும்ணு களத்துல நிண்ணு ஒரு மணி நேரமா நிறுத்தாம பேசுகா!”