ஆபெனிசா தண்ணீரில் இறங்கினான்

சோமோசோமோ நீரிணையில் முக்குளிக்க வருகிறவர்களுக்குப் பதினெட்டு வருடமாகப் படகோட்டியும், ஆபெனிசா ஒரு தடவைகூட உள்ளே இறங்கியதில்லை. கீழே போனவர்களின் மூச்சுக்குமிழிகள் எந்தப் பக்கம் நகர்கின்றனவோ அந்தப் பக்கம் படகைக் கொண்டுபோவதோடு சரி. யாராவது கூப்பிட்டால், "நானும் இறங்கிட்டா படகை யாரு பார்த்துக்கிறது?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவான்.

போன மாதம் அவன் மனைவி மெரேயா படகோட்ட உரிமம் வாங்கிவிட்டாள்.

"நான் பார்த்துக்கிறேன்யா. நீ இறங்கு," என்றாள்.

வேறு சாக்கு அவனுக்குத் தோன்றவில்லை. முக்குளிப்பு வழிகாட்டியான அத்தை மகள் உனாய்சி மூன்று வாரம் கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில் அவனைப் பழக்கினாள். இன்று பவளத்திட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள்.

"என்ன அத்தான், முகம் வெந்த மரவள்ளி மாதிரி வெளுத்துக் கிடக்கு?"

"வெயில் படுது, அதான்."

"முதுகுப் பக்கமா சாயுங்க. நீரோட்டத்தோட போங்க, எதிர்த்து நீந்தாதீங்க. சுறா உங்களை ஒண்ணும் பண்ணாது. கடிச்சா பல்லு போயிடும்னு அதுக்கும் தெரியும்."

மெரேயா சிரித்த சிரிப்பில் படகே ஆடியது. அந்த ரோஷத்திலேயே அவன் பின்பக்கமாகச் சாய்ந்து விழுந்தான்.

பத்து மீட்டர் ஆழத்தில் ஓட்டம் அவனைப் பிடித்தது. பயந்துபோய்க் கையையும் காலையும் அடித்து எதிர்த்தான். முதுகுச் சிலிண்டரில் இருந்த காற்று தாறுமாறாகச் செலவாயிற்று. உனாய்சி முன்னால் வந்து, தன் இரு கைகளையும் மார்பில் கட்டிக் காட்டினாள். அவனும் கட்டிக்கொண்டான். அவ்வளவுதான், தத்தளிப்பு நின்றது. பவளச்சுவர் தானாக நகர ஆரம்பித்தது. ஓட்டம் இருந்தால்தான் மென்பவளங்கள் விரியும் என்று வந்தவர்களுக்கெல்லாம் அவனே சொல்லியிருக்கிறான். கண்ணால் பார்ப்பது இப்போதுதான். ஊதாவும் மஞ்சளும் ரோஜா நிறமுமாக அவை சுவர் முழுக்கப் பூத்துக் கிடந்தன. ஆரஞ்சு நிறக் குட்டி மீன்கள் ஓட்டத்தை எதிர்த்து அசராமல் நின்றன. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தது. கற்றுக்கொண்டபடி மூக்கால் ஊதி வெளியேற்றினான்.

திட்டின் முனையை நெருங்கியபோது ஓட்டம் சட்டென்று வேகம் பிடித்தது. இன்று கடலேற்றம் முன்கூட்டியே வலுத்துவிட்டது போலும். இப்படியே போனால் அலையடிக்கும் நீரிணையின் நடுவில்தான் மேலே வரவேண்டும். உனாய்சி சுற்றுமுற்றும் பார்த்தாள். அவள் கண்ணில் முதன்முறையாகக் கவலை தெரிந்தது.

அப்போதுதான் ஆபெனிசா அந்தப் பாறையைப் பார்த்தான். உச்சி இரண்டாகப் பிளந்த பாறை. நீர் தெளிந்த நாட்களில் படகிலிருந்தே தெரியும். அதன் பின்புறம் எப்போதும் தண்ணீர் அசையாமல் கிடக்கும். உனாய்சியின் தோளைத் தட்டிக் காட்டிவிட்டு, சுவரை ஒட்டிப் பலமாகக் காலடித்தான். அவளும் தொடர்ந்தாள். பாறையைத் தாண்டியதும் கதவைச் சாத்தியதுபோல ஓட்டம் நின்றது.

முக்குளிப்பு விதிப்படி ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்கிவிட்டு இருவரும் மேலே வந்தார்கள். கையெட்டும் தூரத்தில் படகு நின்றது. மெரேயா கன்னத்தில் கையூன்றி உட்கார்ந்திருந்தாள்.

"குமிழி கண்ணுக்குத் தப்பிப்போச்சு. நேரா இங்க வந்துட்டேன்," என்றாள்.

"இங்கதான் வருவோம்னு எப்படிக்கா தெரியும்?" உனாய்சிக்கு மூச்சு வாங்கியது.

"ஆளுங்களை இறக்கிட்டு இந்த மனுஷன் தூங்குற இடம் இதுதானே! ஊருக்கே தெரியும்."

"தூங்கினேனா? யாருடி சொன்னது?"

"அத்தான், நீங்க தூங்கினதாலதான் இன்னிக்குப் பொழைச்சோம். சண்டை போடாதீங்க," என்றபடி உனாய்சி துடுப்புக் காலணிகளைக் கழற்றிப் படகுக்குள் போட்டாள்.

கரைக்குத் திரும்பும் வழியில், தேங்காய்ப்பாலில் ஊறிய மீனும் மரவள்ளியும் மடியில் இருக்க, ஆபெனிசா சாப்பிடாமல் பேசிக்கொண்டே வந்தான். அந்த ஊதா எவ்வளவு ஊதா என்று சொல்லத் தெரியாமல் கையை விரித்து விரித்து மூடினான். இயந்திரச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. மெரேயா வேகத்தைக் குறைத்தாள்.

"முதல்லேர்ந்து சொல்லு," என்றாள்.