வடக்கே சூலம்

சென்னையில் அண்ணைக்கு மூச்சு இழுக்கிறது என்று செவ்வாய்க்கிழமை காலை மச்சாள் அழுதுகொண்டு போன் எடுத்தார். பிறகு அண்ணையே வாங்கி, "கலா, ஒருக்கா வந்திட்டுப் போவன்" என்றார். அவ்வளவுதான் அவரால் கதைக்க முடிந்தது.

விசா முதலே எடுத்து வைத்திருந்தோம். உரும்பிராயில் எங்கள் வீட்டிலிருந்து பலாலி விமான நிலையம் அரை மணித்தியாலம். அங்கிருந்து சென்னை ஒன்றேகால் மணித்தியாலம். மத்தியான விமானத்தில் இடமும் இருந்தது. இருட்ட முதல் அண்ணையின் கையைப் பிடித்திருப்பேன். ஆனால் எனக்கு வாய்த்த புருசன் செல்வரட்ணம் ஆயிற்றே! கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பஞ்சாங்கத்தை விரித்தார்.

"இண்டைக்கு வடக்கே சூலம். பலாலியும் வடக்கு, சென்னையும் வடக்கு. வருத்தக்காரரைப் பாக்கச் சூலத்துக்கு எதிரை போறதோ?"

"பாலைக் குடிச்சிட்டுப் போகலாமெண்டு அதிலையே கிடக்கு."

"அது காங்கேசன்துறைக்குப் போறவைக்கு. உது வெளிநாடு."

அவருடைய மூளை கண்டுபிடித்த வழி கொழும்பு. படலையால் வெளிக்கிட்டுத் தெற்கே திரும்பினால் சூலம் ஏமாந்துவிடுமாம்.

"அங்கையிருந்து பிளேனும் வடக்கைதானே போகும்?" என்றேன்.

"வீட்டாலை வெளிக்கிடுற திசைதான் கணக்கு. உமக்கு விளங்காது."

என் பாஸ்போட் அவருடைய அலுமாரியில், திறப்பு அவருடைய இடுப்பில். நான் கத்தக் கத்த கொழும்புக்கு வாடகை வானுக்குச் சொல்லிவிட்டார். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் இறங்கி ஆறுதலாகத் தேங்காய் உடைத்தார். புத்தளத்தில் இரண்டு தேத்தண்ணி குடித்தார். இரவு முழுக்க நாரி முறிய ஓடி, விடியத்தான் கொழும்புக்குப் பக்கத்தில் கட்டுநாயக்காவில் விமானம் ஏறினோம்.

கொஞ்ச நேரத்தில் யன்னலுக்குக் கீழே கடல்நீரேரியும் தீவுகளும் தெரிந்தன.

"உங்கை பாரும், எங்கடை யாழ்ப்பாணம்!" என்று முழங்கையால் இடித்தார், ஏதோ தானே கட்டி மிதக்கவிட்டவர் போல. புறப்பட்ட வீட்டுக்கு மேலாலேயே வடக்கே போகிறோம். அந்தப் பெரிய மண்டைக்கு அது உறைக்கவே இல்லை.

சென்னையில் இறங்கிப் போனைப் போட்டேன். "விடியப்புறம் போயிட்டார், கலா" என்றார் மச்சாள். "ராத்திரி முழுக்க வாசலையே பாத்துக்கொண்டு கிடந்தவர்."

செத்த வீட்டில் இவர் கதிரையை இழுத்துப்போட்டு வந்தவர்களுக்கு விளக்கினார்: "நல்லவேளை, சூலத்திலை வெளிக்கிடேல்லை. மச்சானுக்குப் பின்னாலை எங்களுக்கும் ஏதேன் நடந்திருக்கும்." சனம் தலையாட்டியது. தூ!

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்ததும் எனக்கு மட்டும் பலாலிக்கு ரிக்கற் எடுத்தேன்.

"ஐயோ, வியாழக்கிழமை தெற்கே சூலமப்பா!" என்று பதறினார்.

"அப்ப நீங்கள் டெல்லியாலை சுத்தி வாங்கோ" என்றேன்.

அதுவரை கோபம் என்னை அழ விடவில்லை. விமானம் மேலே ஏறியதும் அழுகை வந்தது. பக்கத்திலிருந்தவரையும் பாராமல், அண்ணை, அண்ணை என்று வாய்விட்டு அழுதேன். பெல்ட்டைப் பூட்டச் சொன்னார்கள். கீழே பலாலி. நான் இன்னும் அழுது முடிக்கவில்லை.