அக்காவின் தாடை

"நாளைக்குக் காலையில தாடையை எடுத்துடுவாங்களாம். அதுக்குள்ள என் முகத்தை வரைஞ்சு குடுடி," என்றாள் அக்கா.

தங்கைக்குத் தூக்கிவாரிப் போட்டது. எண்ணெய் வண்ணத்தில் யார் யார் முகத்தையெல்லாமோ வரைந்தவள் அவள். அக்கா மட்டும் ஒருநாளும் அவள் முன் உட்கார்ந்ததில்லை. "உனக்கு உட்கார்ந்து குடுத்தா எனக்கு வேர் விட்டுடும்," என்று சிரித்தே தப்பித்துவிடுவாள். வாயில் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு ஓடி, கான்வாஸும் வண்ணக் குழாய்களும் வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் பாட்டிலுமாகத் திரும்பினாள். வார்டு வாசலிலேயே நர்ஸ் மடக்கினாள்.

"என்னம்மா இப்படி நாறுது? பக்கத்து பெட்ல ஆக்சிஜன் ஓடுது. இதை உள்ள விடமாட்டேன்."

"மூடியை இறுக்கி வெச்சுக்கறேன் சிஸ்டர்..."

"மூடி வெச்சுட்டு எப்படிம்மா வரைவீங்க?"

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடையில் பள்ளிப் பிள்ளைகளின் நீர்வண்ணப் பெட்டியும் கொஞ்சம் தாளும்தான் கிடைத்தன. நீர்வண்ணத்தைத் தொட்டு அவளுக்குப் பல வருஷம் ஆகிவிட்டது.

எண்ணெய் வண்ணத்தில் அவள் இருட்டிலிருந்து தொடங்குவாள். அடர்பழுப்பில் நிழலைப் போட்டு, மேலே மேலே வெளிச்சத்தை ஏற்றுவாள். கன்னம் பிசகினால் கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடி போடலாம். நீர்வண்ணத்தில் எல்லாம் தலைகீழ். தாளின் வெண்மைதான் வெளிச்சம். முதலிலேயே அதை விட்டுவைக்க வேண்டும். மூடிவிட்டால் போனது போனதுதான்.

கையோ பழக்கத்தை விடவில்லை. முதல் தாளில் பழுப்பை அப்பினாள், முகமே சேறாகிவிட்டது. அடுத்ததில், நிறம் கூடிப்போன தாடையை ஈரத்துணியால் தேய்த்து எடுக்கப் பார்த்தாள். தாள் திரிதிரியாகப் பிய்ந்து, சரியாக அந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. அதை மடித்துப் பையில் திணித்தாள்.

"என்னடி ஒளிச்சு வைக்கிற?"

"ஒண்ணுமில்லக்கா. அசையாம இரு."

"அசைஞ்சாத்தான் உயிர் போகுதே. நீ வேற."

ஜன்னல் வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. இந்த முறை நெற்றி வந்துவிட்டது. கண்களில் அந்தக் குறும்புகூட வந்துவிட்டது. தாடைக்கு இளஞ்சிவப்பை மெல்லிசாகப் போட்டாள். காய்ந்தால்தான் நிழல் போடலாம். ஃபேனுக்கு நேரே பிடித்தாள், வாயால் ஊதினாள். காயவில்லை. அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

"ஆபரேஷன் வார்டுக்கு மாத்தறோம். அங்க கூட யாரும் வரக்கூடாது," என்றாள் நர்ஸ்.

"கொஞ்சம் பொறுங்க சிஸ்டர், தாடை மட்டும்தான் பாக்கி. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

நர்ஸ் போர்வையை விலக்கினாள். தங்கை ஈரத்தின் மேலேயே நிழலை வைத்தாள். நிறம் நிற்காமல் பரவியது. தாடை கழுத்துக்குள் கரைந்து ஓடியது.

"காட்டு," என்றாள் அக்கா. வெகுநேரம் பார்த்தாள். "பல்வலிக்காரி மாதிரி இருக்கேன்."

அக்காவின் குரலைத் தங்கை தெளிவாகக் கேட்டது அதுதான் கடைசி.

ஆபரேஷனில் உயிர் தப்பியது. தங்கை வீட்டில் உட்கார்ந்து, பழைய தாடையை எண்ணெய் வண்ணத்தில் கொண்டுவரப் பார்த்தாள். போட்டாள், சுரண்டினாள், மறுபடி போட்டாள். எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். எதைப் பார்த்துத் திருத்துவது? போட்டோக்களில் அக்கா வாயைக் கையால் மூடியே சிரித்திருந்தாள். கூடவே வளர்ந்த முகம் நினைவில் பிடிபடவில்லை. கத்தியை வீசிவிட்டுக் கதறி அழுதாள்.

கட்டுப் பிரித்த அன்று அக்கா கண்ணாடி பார்த்தாள். பார்த்துவிட்டுப் படுக்கையில் கவிழ்த்து வைத்தாள். தங்கையிடம் ஏதோ சொன்னாள். காற்றாகவே வந்த பேச்சு, புரியவில்லை.

"தண்ணியாக்கா? நர்ஸைக் கூப்பிடவா?"

எரிச்சலோடு இல்லையென்று தலையாட்டிய அக்கா, விரல்களைக் குவித்து பிரஷ் பிடிப்பதுபோல் காட்டினாள்.

"இப்பவா? இந்த முகத்தையா?"

"ம்."

முடியாது என்று சொல்லத் தங்கை வாயெடுத்தாள். அக்காவோ தலையணையை நிமிர்த்திச் சாய்ந்து, தையல் போட்ட பக்கத்தை ஜன்னலுக்குக் காட்டி உட்கார்ந்துவிட்டாள்.