மேளம் நின்ற பிறகு

சாமி வாகனத்தைத் தோளிலிருந்து மண்டபத்தில் இறக்கியபோது வெயில் ஏறிவிட்டது. மேளக்காரர்கள் வாத்தியங்களை உறையில் போட்டுக்கொண்டு காப்பி குடிக்கப் போய்விட்டார்கள். தூக்கிவந்தவர்களில் குருவுக்கு மட்டும் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இன்னும் யாருப்பா ஊதிக்கினு இருக்கறது?" என்றான்.

கூடத் தூக்கியவர்கள் சிரித்தார்கள். "காதாண்டயே ஊதுனா அப்டித்தான் இருக்கும்."

அவனுடைய வலது தோள் திருவிழா தொடங்கியதுமே வீங்கிவிட்டது. வலி என்று ஒதுங்கினால் வேறு ஆள் வந்து வாகனத் தண்டுக்குத் தோள் கொடுத்துவிடுவான். அடுத்த வருஷமும் அந்த ஆளுக்குத்தான் இடம். கூட்டாளிகள் நல்லவர்கள். ஆளாளுக்குத் தங்கள் மடியிலிருந்து வலி மாத்திரை எடுத்துக் கொடுத்தார்கள். வேறு வேறு அட்டை, வேறு வேறு பெயர். காலையிலிருந்து குரு எல்லாவற்றையும் விழுங்கியிருந்தான்.

சோறு கொண்டுவந்த மனைவி ரேணுகாம்பாளுக்குச் சிரிப்பு வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்த மனுஷன் ஓடிவந்தவனைப் போல மூச்சு வாங்கினான். பிறகு வாந்தியும் எடுத்தான். அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு அவனை ஆட்டோவில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அட்டைகளைத் திருப்பிப் பார்த்தார். "பேருதாம்மா வேற. எல்லாமே ஆஸ்பிரின். காதுல இரைச்சல் அதனாலதான்."

கையில் டிரிப்ஸ் ஏறியது. டம்ளரில் கன்னங்கரேலென்று எதையோ கலக்கி நீட்டினார்கள்.

"இன்னாங்க, கரியா?" என்றான் குரு.

"கரிதான். அடுப்புக் கரி இல்ல, மருந்துக்குன்னே செஞ்சது. வயித்துல இன்னும் கரையாம கிடக்கறதப் புடிச்சுக்கும். குடிப்பா."

முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான். சாயங்காலம் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி பயமில்லை, ரெண்டு நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. ரேணுகாம்பாள் அழுதாள். குரு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், பல்லெல்லாம் கறுப்பு. அழுகையோடு சிரித்துவிட்டாள். போன உயிர் திரும்பிவந்தது அவளுக்குத்தான்.

தூக்குகிறவர்களுக்குத் தலைவரான ராஜகோபால் பார்க்க வந்தார். விஷயம் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"பொழச்சியே, அது போதும்பா. உன் எடத்துக்குத் தாமல் ஊர்லேர்ந்து ஆள் வரச் சொல்லிட்டேன்."

குரு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ராஜகோபால் ரேணுகாம்பாளிடம் தணிந்த குரலில் கேட்டார்:

"மாத்திர மிச்சம் இருக்குதாம்மா?"

"இவ்ளோ நேரம் கேட்டுக்கினுதானண்ணா இருந்தீங்க?"

ராஜகோபால் தன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அது புண்ணான தோலோடு ஒட்டிக்கொண்டிருந்ததால் மெதுவாகத்தான் வந்தது.