மண் தொட்ட தந்தம்

யானை வேட்டைக்கு வந்த வெள்ளைக்காரன் தன் பழைய துப்பாக்கியைத் திரோவுக்குத் தருவதாகச் சொன்ன நாளிலிருந்து என் புருஷன் மொதிசேவுக்குக் களி தொண்டையில் இறங்கவில்லை. எனக்கும்தான். திரோவின் பெண்டாட்டி நாலேதி தண்ணீர் எடுக்க வரும் நடையே மாறிவிட்டது. இன்னும் கைக்கு வராத துப்பாக்கிக்கே இத்தனை மிதப்பு!

திரோ தடம் பார்த்து யானையைக் காட்டுகிறவன். மொதிசே எங்கள் தலைவரின் சாட்சி. எங்கள் மண்ணில் யார் யானை சுட்டாலும், முதலில் மண்ணைத் தொடுகிற தந்தம் தலைவருக்கு, மற்றது சுட்டவனுக்கு. எது தொட்டது என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் கூடவே ஓட வேண்டும். ஓடி ஓடிக் கால் தேய்ந்தவர் என் புருஷன், துப்பாக்கி மட்டும் திரோவுக்கா? வயிறு எரியாதா?

பேச்சு இதுதான்: திரோ கண்டுபிடித்திருந்த கிழட்டு யானைக்கு ஒரு தந்தம் ஆள் உயரம், மற்றது பாதியில் ஒடிந்தது. பெரியது வெள்ளைக்காரனுக்குக் கிடைத்தால் துப்பாக்கி திரோவுக்கு.

குண்டு பட்ட யானை, வெள்ளைக்காரனும் திரோவும் ஏறிய குதிரைகள் நுழைய முடியாத முள்காட்டுக்குள் புகுந்து லிம்போபோ ஆற்றங்கரைக்கு வந்து விழுந்தது; பின்னாலேயே ஓடி வந்தவர் மொதிசே மட்டும்தான். சத்தம் கேட்டு, இறைச்சிக்குக் கூடையோடு முதலில் ஓடியவள் நான். ஒடிந்த தந்தத்தின் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. மேலே நீட்டிக்கொண்டிருந்த பெரிய தந்தத்தின் நுனியில் மொதிசே ஈர மண்ணை அப்பிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா பண்றே?"

"முட்டி போட்டப்ப இதுதான் முதல்ல மண்ணுல குத்துச்சு. அப்புறந்தான் அந்தப் பக்கம் புரண்டுச்சு."

"நிசமாவா?"

"நான் சொன்னா அதுதான் சாட்சி. வாயை மூடிக்கிட்டுக் கறியை அறு."

மூடிக்கொண்டேன். நாலேதியின் மூஞ்சி தொங்கப்போவதை நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வெள்ளைக்காரன் வந்து கத்தினான், தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். சாட்சி சொன்னால் சொன்னதுதான். துப்பாக்கி அவன் வண்டியிலேயே இருந்துவிட்டது.

மறுநாள் ஊர்மன்றத்தில் தந்தத்தை இறக்கினார்கள். தலைவர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். அவர் காலத்தில் இப்படியொன்று வந்ததே இல்லை.

"இந்த யானையைத் தேடிப் புடிச்சது யாருடா?"

மொதிசே என்னைப் பார்த்தார். ஊரே நிற்கிறது, அவர் வேறென்ன சொல்வார்?

"திரோ, தலைவரே."

தலைவர் உள்ளேயிருந்து தன் சொந்தத் துப்பாக்கியைக் கொண்டுவரச் சொன்னார். புதுசு, முகம் தெரியும்படி பளபளத்தது. கூடவே கன்றோடு ஒரு பசு.

"மொதிசே, சாட்சி நீதானே? உன் கையாலயே அவனுக்குக் குடு."

கொடுத்தார். நாலேதி குலவையிட்டாள். திரோ என் புருஷனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான், கண் கலங்கியிருந்தது.

"அண்ணே, நீங்க மட்டும் சரியாப் பாக்கலைன்னா, அந்த வெள்ளைக்காரனோட ஓட்டைத் துப்பாக்கியைக் கட்டிக்கிட்டு அழுதிருப்பேன். பசு கறக்குற பால்ல பாதி உங்க வீட்டுக்குத்தான்."

சொன்னபடி பால் வந்தது. மொதிசே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் குடித்தேன். நல்ல பால்தான், அதுதான் தாங்க முடியவில்லை.